பாலத்தடியில் நடந்தது குழப்பம் அல்ல

‘செலீன் வாரச் செய்தி’ ஆசிரியர் உயர்திரு. ஹார்லன் ப்ரெஜான் அவர்கள் சமூகத்துக்கு, கால்வாய்ச் சாலை, பச்சைக் கதவு வீட்டிலிருந்து எல்மீர் சோன்யே மரியாதையுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் வீட்டுக்காரர் அல்சீடும் ஆண்டவர் புண்ணியத்தில் சௌக்கியம். கோழிகள் சௌக்கியம். அவருடைய முழங்கால் மட்டும் நாளைக்கு மழை வரும் என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அங்கே நீங்களும் உங்கள் மனைவியும் உங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் அம்மா வில்டாவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவள் மேலே படிக்கப் போனாள், நான் அஞ்சாம் வகுப்போடு பருத்தி எடுக்கப் போனேன். ஆகவே இந்தக் கடிதத்தில் எழுத்துப் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளலாம். விஷயத்தில் பிழை கிடையாது, அதில் கை வைக்க வேண்டாம்.

போன வியாழக்கிழமை வந்த இதழில் நம் ஊர் ஓட்டப் பந்தயத்தைப் பற்றி முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தீர்கள். படங்கள் பிரமாதம். முதலில் வந்த பையனுடைய விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல அவ்வளவு தெளிவு. ஆனால் கடைசிப் பத்தியில், ‘பாலத்தடியில் நின்ற ஒரு லாரியிலிருந்து எழுந்த இசையால் குழப்பம் ஏற்பட்டு, பின்தங்கியவர்களை ஏற்றும் பேருந்து தாமதமானது’ என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். தம்பி, ஒரு லாரி என்று எழுத அது அநாதை லாரி அல்ல. அது என் வீட்டுக்காரர் அல்சீட் சோன்யேயின் நெல் லாரி. இசை என்று எழுத அது வானொலிப் பெட்டியும் அல்ல. இந்த வட்டாரத்தில் உங்கள் கல்யாணம் உட்படப் பாதிக் கல்யாணங்களுக்குத் துருத்தி விரித்து வாசித்த அக்கார்டியன். அங்கே நடந்தது குழப்பமும் அல்ல. நான் அந்த லாரியின் மேல்தான் நின்றேன், முழுதையும் என் கண்ணால் பார்த்தேன், பார்த்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஷெல்பி என் பேத்தி. பல் டாக்டரிடம் முன்மேசையில் வேலை பார்க்கிறாள். உங்கள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான், மறந்திருக்க மாட்டீர்கள், அவளும் மறக்கவில்லை. ஓடுகிற உடம்பு இல்லை அவளுக்கு. எங்கள் வம்சத்தில் யாருக்குமே இல்லை. எல்லாம் சோறும் குழம்பும் பன்றித் தொத்திறைச்சியும் பார்த்து வளர்ந்த உடம்பு, உட்கார்ந்தால் நாற்காலி நன்றி சொல்லாது. ஆனால் அவள் அம்மா, என் மகள் நெல்டா, சர்க்கரை நோயில் சின்ன வயதிலேயே போனவள். ஷெல்பிக்கும் அந்தச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்ன மறுநாளே, வேட்டைக்காரன் ஒரு மைலுக்கு அப்பாலிருந்து பார்த்தாலும் மான் என்று நினைத்துச் சுட்டுவிடாத ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொண்டு வந்து, “நான் ஓடப் போறேன் பாட்டி” என்றாள். “யாருடி துரத்துறா?” என்று கேட்டேன். “அம்மாவத் துரத்துனதுதான்” என்றாள். அதற்குமேல் நான் கேலி பேசவில்லை.

நம் ஊர் தட்டு மாதிரி தட்டையான ஊர். தண்ணீருக்கே எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசனை வரும். மேடு என்று சொல்ல இருப்பது செலீன் ஓடைப் பாலம் ஒன்றுதான், அதையும் இறால் படகு அடியில் போக வேண்டும் என்று அரசாங்கம் வானத்துக்குத் தூக்கிக் கட்டிவிட்டது. ஓட்டத்தில் கடைசியில் வருகிறவர்களை அள்ளிப்போடும் மஞ்சள் பேருந்து அந்தப் பாலத்தடியில்தான் பின்னால் வந்து சேரும். பாலத்தின் உச்சியைப் பேருந்துக்கு முன்னால் தாண்டிவிட்டால் அதற்கு உங்கள் மேல் அதிகாரம் இல்லை, அப்புறம் ஊருக்குள் ஆமை மாதிரி போனாலும் முடித்த கணக்கு. தாண்டாவிட்டால் கதவு திறக்கும், ஏற வேண்டியதுதான். அதை ஓட்டுகிறவள் விர்ஜி, அல்சீடின் சித்தப்பா மகள், என் நாத்தனார். வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். ஒரு காலில் செருப்போடு மறு செருப்பைத் தேடுகிற பிள்ளைக்காகக்கூட நின்றவள் இல்லை. போன வருஷம் பாலத்தின் பாதியில் அவள் பேருந்து ஷெல்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. “ஏறு கண்ணு, என்னை மொறச்சு என்ன ஆகப்போகுது” என்று சொல்லிக் கதவைத் திறந்தாள். என் பேத்தி ஊரே பார்க்க, கையில் யாரோ கொடுத்த வாழைப்பழத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். அந்தப் பழத்தை அவள் உரிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து மேசை மேல் வைத்துவிட்டு, “இன்னொரு தடவ அந்த பஸ்ஸுல ஏறுனேன்னா இந்த ஷூவ உங்க வேலிக் கம்பத்துல மாட்டிடுவேன். அப்புறம் யாரும் என்னை ஓடுன்னு சொல்லக் கூடாது” என்றாள். சொல்லும்போது முகம் அப்படியே நெல்டா. ஷூ வேலியில் ஏறினால் வேறு எது இறங்கி வீட்டுக்குள் வரும் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் இந்தப் பாட்டு விவகாரம் ஆரம்பித்தது. அவளோடு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிற சிநேகிதி ஒருத்தி, காதில் சரியான பாட்டு இருந்தால் கால் தானாகப் போகும், மூச்சு வாங்குவது மனசுக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். ஷெல்பி இதை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் சொல்லித் தொலைத்தாள். எங்கள் வீட்டில் மாடு துரத்தினால் ஒழிய ஓடியவர் ஒருவரும் கிடையாது, ஆனால் எந்தப் பாட்டுக்கு ஓடலாம் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் ராணுவ அணிவகுப்புப் பாட்டு என்றார். பாதிரியார் சாப்பிட வந்திருந்தார், அவர் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒன்று சொல்லி, அது கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் போய்ச் சேருகிற இடம் நிச்சயம் என்றார். விர்ஜி, “எந்தப் பாட்ட வேணா போடு, என் பஸ் சத்தம் கேக்குற மாதிரி ஒரு காத தெறந்து வை” என்றாள். “நீ வாய மூடிட்டு உருளைக்கிழங்க எடு” என்று நான் சொன்னேன். அல்சீட் எழுந்து போய் அக்கார்டியனை எடுத்துவந்தார்.

பாவம் பிள்ளை, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிற இடிச் சத்தப் பாட்டைப் போட்டாள். கால் அதன் வேகத்துக்குப் போய்விட்டது, மூச்சு வீட்டிலேயே இருந்துவிட்டது, வயல் வரப்பில் உட்கார்ந்தவளை அல்சீட் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அடுத்து காதல் பாட்டு. அவளை விட்டுப் போனானே ஒருத்தன், பெயரை எழுதி உங்கள் பத்திரிகையை அழுக்காக்க மாட்டேன், அவன் ஞாபகம் வந்து அழுதுகொண்டே நடந்து திரும்பினாள். பாதிரியார் சொன்னதையும் போட்டாள், பாதி வழியில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாளாம். தாத்தா தனக்காகவே வாசித்துப் பதிவுசெய்து கொடுத்ததையும் விடவில்லை. அதில் துள்ளி ஆடுகிற டூ-ஸ்டெப் ஒன்று, மெதுவாக அசைந்து ஆடுகிற வால்ட்ஸ் ஒன்று, மறுபடி ஒரு டூ-ஸ்டெப், ஒரு வால்ட்ஸ் என்று வந்ததால் ஒரு மைல் பறந்து ஒரு மைல் மிதந்திருக்கிறாள். “ஏய்யா, ஓடுற புள்ளைக்கு எதுக்குய்யா வால்ட்ஸ்?” என்று கேட்டேன். “டூ-ஸ்டெப் முடிஞ்சா வால்ட்ஸ்தானே கிழவி வரும். வேற என்ன வரும்?” என்று, சூரியன் கிழக்கில் உதிக்கிறதைப் பற்றிக் கேட்ட மாதிரி என்னைப் பார்த்தார். இடையில் நான் மெல்ல, “நான் ஒன்னு பாடித் தரட்டுமா?” என்று கேட்டேன். “உனக்குத் தாளமே வராது. நீ கை தட்டுனாக்கூட நல்லா ஆடிட்டிருக்கவன் விழுந்துடுவான். நீ சட்டியப் பாரு” என்றார். கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறார். உண்மைதான், அவருடைய குழுவில் இரும்பு முக்கோணம் தட்டுவதற்குக்கூட என்னை விட்டதில்லை.

ஆனால் தம்பி, ஒரு விடியற்காலை அவள் ஓடும்போது பின்னாலேயே லாரியில் மெதுவாகப் போனோம். இரண்டு பக்கமும் இறால் வயலில் தண்ணீர் பளபளவென்று நிற்கிறது, கொக்கெல்லாம் எழுந்து பறக்கிறது, நடுவில் அந்த ஆரஞ்சு ஷூ. நான் இடுப்பில் தூக்கிவைத்துச் சோறூட்டிய பிள்ளை. முதுகு முழுக்க வேர்வை, ஒவ்வொரு மூச்சும் இரும்புக் கேட்டைத் திறக்கிற மாதிரி வருகிறது, ஆனாலும் அடுத்த கால் போகிறது, அதற்கடுத்த கால் போகிறது. உடம்பு வேண்டாம் என்கிறது, இவள் அந்த உடம்பையே தூக்கிக்கொண்டு போகிறாள். நான் பல பிரசவம் பார்த்திருக்கிறேன், புயலில் கூரை பறப்பதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தேன். அல்சீட் அழுதார், வெயில் கண்ணில் படுகிறது என்றார். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தது.

குளிர்காலம் ஆரம்பிக்கிற சமயத்தில் ஒருநாள், “பாட்டு கெடைச்சிடுச்சு பாட்டி” என்றாள். என்னவென்று கேட்டால் சொல்லவில்லை. அல்சீட் கேட்டார், சிரித்தாள். வீட்டில் ஒரே கலவரம். பக்கத்து மாநிலத்து டெக்சாஸ்காரன் பாட்டாக இருக்குமோ என்று அல்சீடுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நான் எப்போதும்போல அவளுக்குத் தினமும் போன் போட்டேன். அவள் வேலை நேரத்தில் எடுக்க மாட்டாள், பீப் என்று ஒரு சத்தம் வந்ததும் நாம் பேசிவைத்தால் அது பிடித்து வைத்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நானும் கம்போ குழம்புக்கு மாவு வறுத்துக்கொண்டே, “சாப்பிட்டியா, என்னடி அந்தப் பாட்டு, சொல்லித் தொலை” என்று பேசிவிட்டுப் போனை ஜன்னல் கட்டையில் வைத்துவிடுவேன். மாவு சட்டியில் எண்ணெயோடு இருக்கும்போது வாசலில் பிஷப்பே வந்து நின்றாலும் நம் ஊரில் யாரும் கரண்டியை விட மாட்டோம், விட்டால் கருகிவிடும், கருகினால் அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், உங்களுக்குத் தெரியாததா. எந்தப் பொத்தானை அமுக்கினால் அந்தப் போன் அணையும் என்பது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதுவாகத் தூங்கட்டும் என்று விட்டுவிடுவேன். எது எப்படியோ, பதில் வரவில்லை.

சரி, அவள் காதில் எது இருந்தாலும் பாலத்தடியில் நம் பாட்டு இருக்கட்டும் என்று அல்சீட் முடிவுசெய்தார். நெல் லாரியைக் கழுவி, மேலே ஒரு பலகை போட்டு, அக்கார்டியனோடு அவரும், பிடிலோடு அவர் கூட்டாளி ஓவீடும், இரும்பு முக்கோணத்தைத் தட்ட ஓவீடின் மருமகனும் ஏறினார்கள். நான் காப்பிப் பாத்திரத்தோடு ஏறினேன். ஏறும் முன் அல்சீடின் கையைப் பிடித்து, “வெறும் டூ-ஸ்டெப். ஒன்னு முடிஞ்சா இன்னொரு டூ-ஸ்டெப். வால்ட்ஸ் ஒன்னு வந்துச்சு, இந்த வருஷம் முழுக்க உனக்குச் சோறு விர்ஜி வீட்டுலதான்” என்றேன். விர்ஜி சமையல் எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும். நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார்.

முதலில் வந்தவர்கள் லஃபாயெட் நகரத்திலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வந்த ஒல்லிக்காரர்கள், அவர்களுக்கு எந்தப் பாட்டும் வேண்டாம், காற்று மாதிரி போய்விட்டார்கள். அதற்குப் பின்னால் கூட்டம் வந்தது பாருங்கள். நூற்றுக்கணக்கில் வருகிறார்கள், அந்தப் பக்கம் ஒரு கால் இந்தப் பக்கம் ஒரு கால் என்று சோளப்பொரி வெடிக்கிற மாதிரிச் சத்தம். அல்சீட் துருத்தியை விரித்தார். டூ-ஸ்டெப் அவர்கள் மேல் போய் விழுந்தது. கொஞ்ச நேரத்தில், யாரும் யாரிடமும் சொல்லாமல், ஒருவரை ஒருவர் பார்க்காமல், அத்தனை காலும் ஒரே சமயத்தில் ரோட்டைத் தொட ஆரம்பித்தது தம்பி. லாரிப் பலகை என் பாதத்துக்கடியில் அதிர்ந்தது. பாலமே உள்ளுக்குள் ஏதோ முனகியது. பூசையில் எல்லாரும் ஒன்றாக முழங்கால் போடும்போது ஒரு சத்தம் வருமே, அதை ஒரு மைல் நீளத்துக்கு இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி. கருப்பர், வெள்ளையர், கிழவர், பிள்ளை பெற்ற உடம்பு, மொட்டைத் தலை, எல்லாவற்றுக்கும் ஒரே நெஞ்சு. கையிலிருந்த காப்பி என் காலில் கொட்டியதே எனக்குத் தெரியவில்லை. இதைத்தான் நீங்கள் குழப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம் கூட்டம் குறைந்தது, ஆட்கள் தனித்தனியாக வந்தார்கள், அப்புறம் யாருமே இல்லை. இவர்கள் நிறுத்தாமல் வாசித்தார்கள். அல்சீடின் சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது, ஓவீடின் பிடிலில் கம்பி ஒன்று போய்விட்டது. கடைசியில் தூரத்தில் ஒரு சின்னக் கும்பல் தெரிந்தது, அதில் ஆரஞ்சு ஷூ, அதற்குப் பின்னால் மஞ்சளாக விர்ஜியின் பேருந்து, கோழிக்குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு வருகிற மாதிரி மெதுவாக. அல்சீட் டூ-ஸ்டெப்பை முடித்தார். முடித்தவர் பேத்தியைப் பார்த்தார். பார்த்ததும் மனுஷனுக்குக் கண் கலங்கியது, கண் கலங்கியதும் புத்தி ஒதுங்கிக்கொண்டது, புத்தி ஒதுங்கியதும் கை தன் வழக்கத்துக்குப் போய்விட்டது. வால்ட்ஸ். அதுவும் சாதாரண வால்ட்ஸ் அல்ல, கல்யாணத்தில் விளக்கைக் குறைத்துவிட்டு வாசிப்பாரே, அது.

“யோவ்! கைய எடுய்யா! வால்ட்ஸுய்யா அது!” என்று கத்தினேன். “தெரியுது கிழவி! ஆரம்பிச்சதப் பாதியில நிறுத்தக் கூடாது, ஆடுறவங்களுக்கு அவமானம்!” என்று அவர் கத்தினார், வாசித்துக்கொண்டே. அவர் சொன்னது நிஜம், கீழே ஆட ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொருவராகக் கால் தளர்ந்து, தோள் அசைந்து, ஒரு புருஷனும் பெண்சாதியும் கையைக் கோத்தே விட்டார்கள். நான் மருமகன் கையிலிருந்து முக்கோணத்தைப் பிடுங்கி எனக்குத் தெரிந்த டூ-ஸ்டெப்பை ஓங்கித் தட்டினேன். அதில் ஓவீடுக்கும் பாட்டு தவறிவிட்டது, ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டார்கள். ஒருவேளை குழப்பம் என்று நீங்கள் எழுதியது இந்த இடத்தை மட்டும் என்றால், அது அல்சீடால் வந்ததல்ல, என்னால் வந்தது, அப்படியே திருத்தம் போடுங்கள். வால்ட்ஸ் ஒருவழியாக முடிந்தது. வால்ட்ஸ் முடிந்தால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஜோடியை அழைத்துக்கொண்டு போய் உட்காருவார்கள். கண்ணெதிரே கதவைத் திறந்துகொண்டு, உள்ளே வரிசையாக இருக்கை போட்டுக்கொண்டு ஒரு பேருந்து நிற்கிறது. ஏறிவிட்டார்கள் தம்பி, சிரித்துக்கொண்டே ஏறிவிட்டார்கள்.

என் பேத்தி ஏறவில்லை. அவள் தளரவே இல்லை. அத்தனை பேரும் அசைந்தபோது அவள் மட்டும், யாரோ உள்ளிருந்து இழுக்கிற மாதிரி, ஒரே சீராக, ஆரஞ்சுக்குப் பின் ஆரஞ்சாகக் காலை எடுத்துவைத்துக்கொண்டு எங்கள் லாரியைத் தாண்டினாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. உதடு மட்டும் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பாலத்தில் ஏறினாள். முதல் பாதி போனாள். போன வருஷம் கதவு திறந்த இடத்தைத் தாண்டினாள். அப்போது பேருந்து பின்னால் உறுமிக்கொண்டு கிளம்பியது. அதற்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே வந்து, “ஓடு புள்ள! ஓடு! எங்களுக்கும் சேத்து ஓடு!” என்று கத்துகிறார்கள், விர்ஜி ஹாரனை அழுத்துகிறாள், அது திட்டுவதற்கா வாழ்த்துவதற்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் முக்கோணத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் உச்சியில் ஏறியபோது அவளுக்குப் பின்னால் வானத்தைத் தவிர ஒன்றுமே இல்லை. ஒரு நிமிஷம் அங்கே நின்ற மாதிரி தெரிந்தது, உண்மையில் நிற்கவில்லை, அப்புறம் அந்தப் பக்கம் இறங்கி மறைந்துவிட்டாள். பேருந்து உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது ரோட்டில் அள்ளுவதற்கு ஒருவரும் இல்லை. ஊருக்குள்ளே அவள் கடைசியாகத்தான் வந்தாள். கடைசி என்றால் முடித்தவர்களில் கடைசி. அதை நீங்கள் எழுதவே இல்லை.

பேருந்து ஏன் தாமதமானது என்று விர்ஜியையே கேட்டேன், அவள் வாக்குமூலத்தை அப்படியே தருகிறேன்: “நான் வேணும்னு நிக்கல அண்ணி, அப்பிடி எவனாவது சொன்னா என் லைசென்ஸ் போயிடும். எல்லாரும் உக்காந்தாத்தான் வண்டிய எடுக்கணும், அது சட்டம். இதுங்க நடைபாதையில நின்னு ஆடிட்டிருக்குதுங்க. நான் என்ன பண்ணட்டும்?” சட்டத்தை அவள் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, வரும் வியாழக்கிழமை இதழில் ஒரு திருத்தம் போட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பாலத்தடியில் நின்றது அல்சீட் சோன்யேயின் லாரி என்றும், வாசித்தது அவரும் அவர் குழுவினரும் என்றும், அந்த டூ-ஸ்டெப் ஷெல்பியின் காலுக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்ததால் அதே மனிதர் வாசித்த வால்ட்ஸால்கூட அதை வெளியே எடுக்க முடியவில்லை என்றும், தாத்தாவின் பாட்டுதான் பேத்தியைப் பாலம் ஏற்றியது என்றும் தெளிவாக எழுத வேண்டும். அவர் அப்படித்தான் நம்புகிறார். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அந்தத் தாளை ஒட்டுவதற்கு இப்போதே இடம் ஒதுக்கிவிட்டார், பாதிரியார் கொடுத்த காலண்டரைக்கூட நகர்த்திவிட்டார். வால்ட்ஸுக்கான தண்டனையை நான் ரத்து செய்துவிட்டேன்.

உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் அம்மாவின் கல்லறைக்குப் பூ வைக்கப் போகும்போது, பின்பெஞ்சு எல்மீர் விசாரித்தாள் என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் கூரை எந்தப் புயலிலும் கழன்று போகாமல் இருக்கவும், உங்கள் சட்டியில் மாவு ஒருநாளும் கருகாமல் இருக்கவும் ஆண்டவர் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பத்திரிகையை விளம்பரம் உட்பட வாசிக்கும்
எல்மீர் சோன்யே

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு, ஒட்டுவதற்குள் ஷெல்பி வந்துவிட்டாள். நான் அடுப்படியில் நிற்கிறேன், மாவு சட்டியில் பாதி நிறத்துக்கு வந்திருக்கிறது, திரும்ப முடியாது. “அந்த வால்ட்ஸுக்கு எப்பிடிடி மயங்காம போன?” என்று கேட்டேன். “எந்த வால்ட்ஸு? தாத்தா வால்ட்ஸா வாசிச்சாரு?” என்கிறாள். டூ-ஸ்டெப்பும் அவளுக்குக் கேட்கவில்லையாம். லாரி நின்றது தெரியுமாம், அதில் நான் எதையோ ஆட்டினது தெரியுமாம், அவ்வளவுதான். அப்புறம் பின்னால் வந்து நின்று, காதில் வைத்துக் கேட்கிற அந்த வஸ்துவை என் காதில் சொருகினாள். சர்ர், சர்ர், சர்ர் என்று ஒரு சத்தம், நிற்காமல், ஒரே சீராக. பின்னால் கோழிகள். அப்புறம் ஒரு கிழவியின் குரல், “நிறுத்தாதடி. இப்ப நிறுத்தக் கூடாது. நெறம் வருது, வருது, இன்னும் கொஞ்சந்தான். கை வலிக்குதா, வலிக்கட்டும், இவ்வளவு தூரம் வந்துட்டு விடுவியா?” என்று தனக்குத்தானே பேசுகிறது. யாருடைய குரல் என்று எனக்கு முதலில் புரியவில்லை. போன் அணையாமல் ஜன்னல் கட்டையில் கிடந்து மொத்தத்தையும் பிடித்து வைத்திருக்கிறது தம்பி. “எல்லாப் பாட்டும் தேடிப் பாத்துட்டேன் பாட்டி, இவ்ளோ சீரான தாளம் எதுலயும் கெடைக்கல. குளிர்காலம் முழுக்க இதுதான், பாலத்துலயும் இதுதான்” என்றாள். நான் கரண்டியை நிறுத்தவில்லை.

அல்சீடுக்கு இது தெரியாது. வாசலில் போகிற தபால்காரரை நிறுத்தி டூ-ஸ்டெப்பின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகையால் மேலே எழுதியதை ஒரு எழுத்து மாறாமல் அச்சிடுங்கள், கீழே எழுதியதை நீங்கள் வாசித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். அடுத்த வருஷம் வேறு ஊரில் பெரிய ஓட்டமாம், அதில் இரண்டு பாலமாம். பரணிலிருந்து பெரிய சட்டியை இறக்கித் தேய்த்து வைத்திருக்கிறேன்.